சான்பா: மகானா கொடுங்கோலனா என்பதல்ல கேள்வி

2020 டிசம்பர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஐந்து பகுதி ஆவணத் தொடர் 'சான்பா'. இத்தாலியின் ரிமினி நகருக்குப் பக்கத்தில் 1978-ல் வின்சென்சோ முச்சொலி தொடங்கிய சான் பத்ரிஞானோ என்ற போதை மீட்பு இல்லத்தின் கதை. ஹெராயின் ஒரு தலைமுறையையே தின்றுகொண்டிருந்த காலம். இவரோ காசு வாங்காமல் சேர்த்துக்கொண்டார். பெற்றோர்கள் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை.

1980-ல் போலீஸ் உள்ளே போனபோது சிலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 1985-ல் முச்சொலிக்குத் தண்டனை, 1987-ல் மேல்முறையீட்டில் விடுதலை. வெளியே போய் ஊசி போட்டுச் சாவதைவிட இது மேல் என்று பெற்றோர்களே அவர் பக்கம் நின்றார்கள். 1989-ல் அங்கே தங்கியிருந்த ஒருவர் உள்ளேயே அடித்துக் கொல்லப்பட்டார். உடலை நேப்பிள்ஸ் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். உண்மை வெளியே வரச் சில வருஷங்கள் ஆயின.

தொடர் இரண்டு தரப்பையும் நன்றாகவே பேச விடுகிறது. ஆனா பகுதிகளின் தலைப்பைப் பாருங்க: பிறப்பு, வளர்ச்சி, புகழ், சரிவு, வீழ்ச்சி. ஒரு தனிமனிதனின் காவியம். எனக்கு அங்கேதான் இடிக்குது. அவர் நல்லவரா கெட்டவரா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. அத்தனை பேர் தங்கிய இடத்துக்குள் வெளியாள் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் போய், தங்கியிருப்பவரோடு தனியாகப் பேச வழி இருந்ததா? அது மையத்துக்கு வரவே இல்லை. நீதிமன்றம் நடந்ததற்குத் தீர்ப்பு சொல்லும். ஆய்வு என்பது நடப்பதற்கு முன்னாடியே பார்ப்பது. இரண்டு தீர்ப்புகள் வந்த பிறகும் 1989 நடந்தது.

இத்தாலிக் கதைதானே என்று நாம் தள்ளிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் 28 மனநோயாளிகள் சங்கிலியோடு தீயில் இறந்தார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மது, போதையால் வரும் மனநலப் பாதிப்புகளும் அதில் அடக்கம். பதிவு கட்டாயம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கையும் உண்டு. ஆனால் தற்காலிகப் பதிவுக்கு முன்விசாரணை தேவையில்லை. பத்து நாளில் சான்றிதழ், அது 12 மாதம் செல்லும். இடையில் தாமாகவோ புகாரின் பேரிலோ ஆய்வுக்கு உத்தரவிடலாம் என்கிறது சட்டம். 'வேண்டும்' இல்லை, 'லாம்'தான். அப்போ மிச்சமிருப்பது புகார். உள்ளே பூட்டப்பட்டு, போனும் பிடுங்கப்பட்டவர் யாரிடம் புகார் கொடுப்பார்? வீட்டில் சொன்னால், போதைக்காகப் பொய் சொல்றான்னுதானே நினைப்பாங்க?