பாஸ்டன் சிம்பொனியின் பொன்விழாப் பருவம் (1930-31)

பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு தன் 50-ஆவது கச்சேரிப் பருவத்தை 1930 அக்டோபரில் தொடங்கி 1931 வசந்தம் வரை நடத்தியது. அதன் இசை நடத்துநர் செர்ஜி கூசெவிட்ஸ்கி (1874-1951) பொன்விழாவுக்கென்று அன்று வாழ்ந்துகொண்டிருந்த இசையமைப்பாளர்களிடம் புதிய படைப்புகளைக் கேட்டு வாங்கினார். பீத்தோவன், பிராம்ஸ், சைகோவ்ஸ்கி என்று அவையினர் அறிந்த பெயர்களுக்கு நடுவே அவற்றை வைத்தார். ஸ்ட்ராவின்ஸ்கி, புரோகோஃபியெவ், ஹிண்டமித், ரூசெல், ஹோனெகர், ரெஸ்பிகி, ஹோவர்ட் ஹான்சன், ஆரோன் கோப்லாண்ட் ஆகியோர் எழுதிக்கொடுத்தனர்.

இப்பருவத்தைக் குறிப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பெயர் வரிசையோடு நின்றுவிடுகின்றன. பெயர்கள் பெரியவைதான். ஆனால் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை, யாரிடம் கேட்கவே இல்லை என்று பார்த்த பிறகே இதன் மதிப்பைச் சொல்ல முடியும்.

பின்னணி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் கச்சேரிக்குச் செல்பவர் பெரும்பாலும் உயிருடனிருப்பவர்களின் இசையையே கேட்டார். பழையது கேட்பதற்குரியது என்ற எண்ணம் அப்போது பரவலாக இல்லை. அடுத்த நூறாண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1870-களுக்குள் பெரிய இசைக்குழுக்களின் நிகழ்ச்சி நிரல்களில் மறைந்தவர்களின் படைப்புகளே மிகுந்தன. ஹென்றி லீ ஹிக்கின்சன் 1881-ல் பாஸ்டன் இசைக்குழுவைத் தொடங்கியபோது இந்த மாற்றம் முடிந்துவிட்டிருந்தது.

1900-ல் திறக்கப்பட்ட சிம்பொனி அரங்கில் இதற்குக் கண்ணால் காணும் சான்று உண்டு. மேடையின் முகப்பைச் சுற்றி இசையமைப்பாளர்களின் பெயர்களைப் பொறிக்கப் பலகைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்றில் மட்டும் பீத்தோவனின் பெயர் இருக்கிறது. வேறு யாருடைய பெயரைப் போடுவது என்பதில் பொறுப்பாளர்களிடையே உடன்பாடு ஏற்படாததால் மற்றவை வெறுமையாகவே விடப்பட்டன.

அந்த அரங்கைப் பற்றிப் பாஸ்டனில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கிவந்தது. தீப்பிடித்தால் வெளியேறும் வழி என்று வாசல்களில் எழுதியிருப்பதைப்போல, பிராம்ஸ் வாசிக்கப்பட்டால் வெளியேறும் வழி என்றும் எழுதிவைக்க வேண்டும் என்பார்கள். இன்று பிராம்ஸ் இசை என்றால் ஆறுதலான மாலை என்று பொருள். ஒரு தலைமுறைக்கு முன் அவர் தாங்கமுடியாத புதியவராக இருந்தார். கூசெவிட்ஸ்கி பொன்விழாவைத் திட்டமிட்டபோது அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பலர் இன்னும் அதே இருக்கைகளில் அமர்ந்திருந்தனர்.

கூசெவிட்ஸ்கி ரஷ்யாவில் டபுள் பாஸ் வாசிப்பவராகத் தொடங்கியவர். தேயிலை வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த நத்தாலி உஷ்கோவாவை மணந்தார். அந்தச் செல்வத்தைக் கொண்டு 1909-ல் ஓர் இசைப் பதிப்பகத்தைத் தொடங்கினார். புரட்சிக்குப் பிறகு 1920-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். பாரிஸில் தன் பெயரிலேயே கச்சேரிகள் நடத்தினார். முசோர்க்ஸ்கியின் பியானோ படைப்பான ‘கண்காட்சியின் ஓவியங்கள்’ இன்று உலகமெங்கும் கேட்கப்படும் இசைக்குழு வடிவத்தை, 1922-ல் அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் ரவேல் எழுதினார். 1924-ல் பாஸ்டனுக்கு வந்தவர் 25 ஆண்டுகள் அங்கே இருந்தார். புதிய இசையைக் கேட்டு வாங்குவது அவருக்குப் பொன்விழாவுக்காகத் திடீரென்று தோன்றிய எண்ணம் அல்ல.

வெள்ளிக்கிழமைக் கேட்பவர்கள்

ரூசெலின் மூன்றாம் சிம்பொனி 1930 அக்டோபர் 24-ல் அரங்கேறியது. ரெஸ்பிகியின் ‘மெட்டமார்ஃபோசியோன்’ நவம்பர் 7-லும், புரோகோஃபியெவின் நான்காம் சிம்பொனி நவம்பர் 14-லும், ஹான்சனின் இரண்டாம் சிம்பொனி நவம்பர் 28-லும் அரங்கேறின. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘சங்கீதங்களின் சிம்பொனி’ டிசம்பர் 19-ல் பாஸ்டனில் ஒலித்தது. ஹோனெகரின் முதல் சிம்பொனி 1931 பிப்ரவரி 13, ஹிண்டமித்தின் ‘கான்செர்ட்மியூசிக்’ ஏப்ரல் 3.

இவை அனைத்தும் வெள்ளிக்கிழமைகள். ஹிக்கின்சன் காலத்தில் வெள்ளி பிற்பகலில் பொதுமக்களை அனுமதித்து ஒத்திகை நடத்தும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அதுவே முழுக் கச்சேரியாகிவிட்டது. அதே நிகழ்ச்சி சனிக்கிழமை இரவில் மறுபடி நடக்கும். வேலைநாளின் பிற்பகலில் வரக்கூடியவர்கள் வசதியான குடும்பத்துப் பெண்களும் முதியவர்களும்தான். ஆண்டுச் சந்தா கட்டி, குறிப்பிட்ட இருக்கையைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்கள். ஐரோப்பாவின் மிகப் புதிய இசையை உலகிலேயே முதலில் கேட்கும் வாய்ப்பு இளம் கலைஞர்களுக்குக் கிடைக்கவில்லை, இவர்களுக்குக் கிடைத்தது. புதிய படைப்புகளைத் தனிக் கச்சேரியாக நடத்தியிருந்தால் இவர்களில் பலர் வந்திருக்கமாட்டார்கள். சந்தாவுக்குள்ளேயே வைத்ததால் வந்தார்கள். புதியதையும் பழையதையும் கலப்பது ரசனை சார்ந்த முடிவு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இங்கே அது முதன்மையாக ஒரு நிர்வாக உத்தி, நல்ல உத்தி. சனிக்கிழமை மறுவாசிப்பு இருந்ததால் எந்தப் புதிய படைப்பும் ஒரே முறை ஒலித்து மறையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பங்குச் சந்தை 1929 அக்டோபரில் வீழ்ந்த பிறகு வந்த பருவம் இது. சிக்கனம் பேசப்பட்ட காலத்தில் புதிய படைப்புகளை விட்டுவிட்டு நிச்சயமாகக் கூட்டம் சேர்க்கும் பழையவற்றோடு நிறுத்திக்கொள்வது எளிது. பாஸ்டன் அதைச் செய்யவில்லை.

படைப்புகள்

பருவத்தின் சிகரம் ஸ்ட்ராவின்ஸ்கியின் படைப்பு. மக்களுக்குப் பிடித்தமாதிரி ஒன்று எழுதும்படி பதிப்பகத்தார் கேட்டார்கள் என்று அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அவர் கொடுத்தது விவிலியத்தின் சங்கீதங்களை லத்தீன் மொழியில் கோரஸ் பாடும் மூன்று பகுதிகள். வழக்கமான சிம்பொனியின் வடிவம் அதில் இல்லை. வயலின், வியோலா, கிளாரினெட் மூன்றும் இல்லை. இரண்டு பியானோக்கள் உண்டு. மக்களுக்குப் பிடித்தது என்பதற்கு அவர் தன் பொருளைக் கொண்டார்: எல்லோருக்கும் தெரிந்த 150-ஆம் சங்கீதம். அதையும் கொண்டாட்டமான ஆரவாரமாக அமைக்காமல், மூன்றாம் பகுதியின் முடிவில் அசையாத, மெதுவான, மணியோசை போன்ற ஒரு சுழற்சியில் கொண்டுவந்து நிறுத்தினார். படைப்பு இறைவனுக்கும் பாஸ்டன் இசைக்குழுவுக்கும் சேர்த்து அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. இந்த வரிசையைப் பார்த்துப் புன்னகைத்தவர்கள் உண்டு.

ஹிண்டமித் எதிர்த்திசையில் கழித்தார். அவருடைய ‘கான்செர்ட்மியூசிக்’கில் தந்தி வாத்தியங்களும் பித்தளைக் குழல்களும் மட்டுமே உள்ளன. புல்லாங்குழல், ஓபோ போன்ற மரக்குழல்களும் தாள வாத்தியங்களும் இல்லை. ஓர் இசைக்குழுவின் 50 ஆண்டுகளைக் கொண்டாட எழுதிய இருவரும் அதன் கலைஞர்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்பது வியப்பானது. இதற்கு அனுமதித்ததே கூசெவிட்ஸ்கியின் பெருமை. பொன்விழா என்றால் எல்லா வாத்தியங்களும் முழங்கவேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்திருந்தால் இந்த இரண்டும் பிறந்திருக்காது.

ரூசெல் பிரெஞ்சுக் கடற்படையில் அதிகாரியாக இருந்து இசைக்கு வந்தவர். இந்தியாவில் பயணம் செய்தவர். சித்தூர் அரசி பத்மாவதியின் கதையை மேடை இசைநாடகமாக எழுதியவர். அவருடைய மூன்றாம் சிம்பொனி 25 நிமிடங்களுக்கும் குறைவானது. முறுக்கேறிய தாளம், வீண்பேச்சில்லாத கட்டமைப்பு. பழைய நான்கு பகுதி வடிவத்தில் புதிதாகச் சொல்ல இன்னும் இடமிருக்கிறது என்பதை இப்பருவத்தில் மிகத் தெளிவாகக் காட்டியது இதுவே. ஆனாலும் பிரான்சுக்கு வெளியே இன்றும் அரிதாகவே வாசிக்கப்படுகிறது.

ஹான்சனின் சிம்பொனியின் பெயரே ‘ரொமாண்டிக்’. நவீன இசை வறண்டுவிட்டது என்று கருதிய அவர், உணர்ச்சியை வெளிப்படையாகக் கொட்டும் படைப்பைத் தந்தார். புதியது என்றால் கடினமானது என்று அஞ்சியவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. அதன் இசை 1979-ல் வந்த ‘ஏலியன்’ திரைப்படத்தின் முடிவில் பயன்படுத்தப்பட்டதால், ஸ்ட்ராவின்ஸ்கியைக் கேட்டிராத பலரும் ஹான்சனைப் பெயர் தெரியாமல் கேட்டிருக்கிறார்கள். விமர்சகர்கள் இதை எளிதாகத் தள்ளிவிடுவதுண்டு. அது நியாயமல்ல. எடுத்துக்கொண்ட காரியத்தை நேர்மையாகச் செய்து முடித்த படைப்பு அது.

புரோகோஃபியெவின் சிம்பொனி ஏமாற்றம். ‘ஊதாரி மகன்’ என்ற தன் பாலேயின் இசைக்கருக்களைக் கொண்டு அதை அமைத்தார். தனித்தனியே அழகான பகுதிகள் சிம்பொனியாகச் சேரவில்லை. பாஸ்டனில் வரவேற்பு குளிர்ந்திருந்தது. அவரே 1947-ல் அதை மிகப் பெரிதாகத் திருத்தி எழுதினார். ரெஸ்பிகி, ஹோனெகர் இருவரும் இதைவிடச் சிறந்தவற்றை வேறிடங்களில் எழுதியுள்ளனர்.

தவறியவை

திட்டமிட்டபடி எல்லாம் நடக்கவில்லை. கூசெவிட்ஸ்கி நோயுற்றதால் ‘சங்கீதங்களின் சிம்பொனி’யின் பாஸ்டன் நிகழ்ச்சி தள்ளிப்போனது. இதனால் 1930 டிசம்பர் 13-ல் பிரஸ்ஸல்ஸில் அன்செர்மே அதை முதலில் நடத்தினார். ஆறு நாளில் உலக அரங்கேற்றம் கைநழுவியது.

ரவேல் பாஸ்டனுக்காகத் தொடங்கிய பியானோ கான்செர்ட்டோ உரிய காலத்தில் முடியவில்லை. அது 1932 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. கோப்லாண்டின் ‘சிம்ஃபானிக் ஓட்’ 1929-லேயே முடிந்துவிட்டது. ஆனால் ஓயாமல் மாறும் தாளக் கணக்குகளை இசைக்குழுவால் சேர்ந்து வாசிக்க முடியவில்லை. கோப்லாண்ட் அதை எழுதிய முறையை எளிமையாக்கிக் கொடுத்த பின் 1932 பிப்ரவரியில்தான் மேடையேறியது. கெர்ஷ்வினின் இரண்டாம் ராப்சடியும் சில பட்டியல்களில் பொன்விழாப் படைப்பாகக் காணப்படுகிறது. அது திரைப்படம் ஒன்றுக்காக எழுதிய இசையிலிருந்து வளர்ந்தது. பாஸ்டனில் ஒலித்தது 1932 ஜனவரியில்.

விடுபட்டவர்கள்

இப்பருவத்தின் மீதான முக்கியமான விமர்சனம் தேர்வு பற்றியது. ஸ்ட்ராவின்ஸ்கி, புரோகோஃபியெவ் இருவரின் படைப்புகளையும் வெளியிட்டது கூசெவிட்ஸ்கியின் பதிப்பகம். கேட்டு வாங்குபவரும், மேடையேற்றுபவரும், அச்சிட்டு விற்பவரும் ஒருவரே. இதனால் படைப்பின் தரம் குறைந்துவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் இந்த வட்டம் யாரை உள்ளே விடும், யாரை விடாது என்பதை அது பெருமளவு தீர்மானித்தது.

வியன்னாவின் ஷோன்பெர்க், பெர்க், வேபெர்ன் மூவரும் பட்டியலில் இல்லை. அதே பருவத்தில், 1931 மார்ச்சில், ஸ்டோகோவ்ஸ்கி பெர்க்கின் ‘வோட்செக்’ இசைநாடகத்தை ஃபிலடெல்ஃபியாவில் மேடையேற்றினார். துணிச்சலின் எல்லை பாஸ்டனில் எங்கே முடிந்தது என்பதை இந்த ஒப்பீடு காட்டும்.

ஏமி பீச்சின் ‘கேலிக் சிம்பொனி’யை 1896-ல் அரங்கேற்றியது இதே இசைக்குழு. அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதிய சிம்பொனிகளில் முன்னோடி அது. 1930-ல் அவர் உயிருடன் இருந்தார். பொன்விழாவுக்கு எழுதியவர்களில் அவர் இல்லை, வேறு பெண்களும் இல்லை. ஐம்பது ஆண்டு வரலாற்றைக் கொண்டாடும் நிறுவனம் தன் சொந்த வரலாற்றிலேயே இருந்த ஒருவரை மறந்தது.

சார்லஸ் ஐவ்ஸின் நிலை இன்னும் வேடிக்கையானது. அவருடைய ‘நியூ இங்கிலாந்தில் மூன்று இடங்கள்’ என்ற படைப்பின் முதல் பகுதி பாஸ்டன் காமன் பூங்கா ஓரத்தில் உள்ள நினைவுச் சிற்பத்தைப் பற்றியது. உள்நாட்டுப் போரில் போரிட்ட கறுப்பினப் படைப்பிரிவின் நினைவாக எழுப்பப்பட்டது அந்தச் சிற்பம். சிம்பொனி அரங்கிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரம். பொன்விழாப் பருவத்தின் நடுவே, 1931 ஜனவரி 10-ல், அந்தப் படைப்பு முதன்முதலாக ஒலித்தது. ஒலித்த இடம் நியூயார்க். நடத்தியவர் நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி. சில ஆண்டுகளுக்கு முன்வரை கூசெவிட்ஸ்கியின் உதவியாளராக இருந்தவர்.

பின்விளைவுகள்

கூசெவிட்ஸ்கி அடுத்து சிபேலியஸின் எட்டாம் சிம்பொனியை அரங்கேற்ற விரும்பினார். 1932-33 பருவத்தில் சிபேலியஸின் மற்ற ஏழு சிம்பொனிகளையும் வாசித்து, எட்டாவதற்குக் காத்திருந்தார். அது வரவே இல்லை.

நத்தாலி மறைந்த பின் 1942-ல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, கேட்டு எழுதவைப்பதை விழாக்களிலிருந்து விடுவித்து நிரந்தர ஏற்பாடாக்கியது. பிரிட்டனின் ‘பீட்டர் கிரைம்ஸ்’ அதன் உதவியால் எழுதப்பட்டது. 1930-ல் கேட்கப்படாத பார்டோக்கிடம் 1943-ல் கேட்கப்பட்டது. நியூயார்க்கில் நோயிலும் வறுமையிலும் இருந்த அவர் இசைக்குழுவுக்கான கான்செர்ட்டோவை எழுதினார். 1944 டிசம்பர் 1-ல், மீண்டும் ஒரு வெள்ளிக்கிழமையில், பாஸ்டன் அதைக் கேட்டது. இன்று அது பிராம்ஸோடு சேர்த்து, ‘தெரிந்த’ படைப்பாக, புதிய இசைக்கு அஞ்சுபவர்களைச் சமாதானப்படுத்த நிகழ்ச்சிகளின் இரண்டாம் பாதியில் வைக்கப்படுகிறது.