எடைக்கல்லும் இறக்கையும்

அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ., 2004இல் ‘ஸ்போர்ட் பைலட்’ உரிமத்தைக் கொண்டுவந்தது. குறைந்தபட்சம் 20 மணி நேரப் பறப்புப் பயிற்சி; மருத்துவச் சான்றுக்குப் பதிலாக கார் ஓட்டுநர் உரிமமே போதும். வயதான விமானிகள் பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அவர்கள் ஓட்டக்கூடிய விமானத்துக்கான வரம்பு கறாராக இருந்தது: தரைவிமானமானால் உச்ச எடை 1,320 பவுண்டு, இரண்டே இருக்கை, ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், மணிக்கு 45 கடல்மைல்.

எடையை அளவுகோலாக்கியதுதான் அந்த விதியின் பெரிய பலவீனம். 1946இல் வந்த செஸ்னா 140 மெதுவாக, சாதுவாகப் பறக்கும் விமானம். எடை 1,450 பவுண்டு என்பதால் அது வெளியே நின்றது.

மாற்றியமைக்கப்பட்ட பழைய விமானங்களுக்கு இன்னொரு பூட்டும் இருந்தது. முதல் சான்று பெற்ற நாளிலிருந்து விமானம் ஒருபோதும் வரம்பைத் தாண்டியிருக்கக் கூடாது. ஃப்ரெட் வீக் வடிவமைத்த எர்கூப்பைப் பாருங்கள். சாமானியரும் அஞ்சாமல் ஓட்ட வேண்டும், சுழன்று விழவே கூடாது என்ற அக்கறையில் பிறந்த விமானம் அது. 415-சி மாதிரியின் எடை 1,260 பவுண்டு, தகுதி இருந்தது. 415-டி மாதிரிக்கு 1,400, தகுதி இருக்கவில்லை. உடலமைப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனாலும் ஒருமுறை 415-டியாக மாற்றப்பட்ட 415-சி, பழைய நிலைக்குத் திரும்பினாலும் தகுதி திரும்பவில்லை. கனமான விமானத்தின் எடையை ஏட்டில் மட்டும் குறைத்துக் காட்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக, இன்று நம் முன் நிற்கும் இயந்திரத்தை விட்டுவிட்டு அதன் பழைய பதிவேட்டுக்குத் தண்டனை கொடுத்தது அநியாயம்.

2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ‘மொசைக்’ விதிகள் எடை வரம்பையே எடுத்துவிட்டன. விமானிகளுக்கான பகுதி அக்டோபர் 22 முதல் நடப்புக்கு வந்தது. சான்றளிக்கப்பட்ட உச்ச எடையில், இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பை இறக்காமல், ஸ்டால் வேகம் 59 கடல்மைலைத் தாண்டக் கூடாது. நான்கு இருக்கை இருக்கலாம், பயணி ஒருவர்தான். செஸ்னா 172, பைப்பர் செரோக்கி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இது சரியான திருத்தம் என்பேன். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், மெதுவாகத் தரையைத் தொடும் விமானத்தில் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம். எடையைக் கூட்டும் மாற்றத்தையும் இந்த அளவுகோல் தானாகவே கணக்கில் சேர்க்கிறது: எடை பத்து சதவீதம் ஏறினால் ஸ்டால் வேகம் சுமார் ஐந்து சதவீதம் ஏறும்.

சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. விதி கேட்பது பிழை திருத்திய வேகம். பழைய கையேடுகள் பலவற்றில் இருப்பதோ கருவி காட்டும் வேகம், அதுவும் சாதாரண மைலில். மூக்கு உயர்ந்த நிலையில் காற்று கோணலாக வருவதால் வேகமானி பெரும்பாலும் குறைத்தே காட்டும். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மாற்றம், பெரிய எஞ்சின், எடை உயர்வு என்று தனித்தனியே அனுமதி பெற்றவை ஒரே விமானத்தில் சேரும்போது, அந்தக் கூட்டுக்கான ஸ்டால் வேகத்தை யாரும் அளந்திருக்கமாட்டார்கள். வரம்பை ஒட்டி நிற்கும் விமானத்தில் இது சின்ன விஷயமல்ல.

மாதிரிவாரியாக, பொதுவான மாற்றங்களையும் சேர்த்து, திருத்திய ஸ்டால் வேகப் பட்டியலை எஃப்.ஏ.ஏ. வெளியிட வேண்டும். அதுவரை, பழைய விமானம் வாங்குபவர்கள் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், மாற்ற ஆவணங்களை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.