காலில் தோடு, காதில் சிலம்பு

தலையை மொட்டையடித்து வந்த நண்பனிடம் ‘சீப்பு வேணுமா?’ என்று கேட்பதில் ஒரு குறும்பு இருக்கிறதே, அதன் மூத்த வடிவம் சீர்காழியில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அங்கே பிறந்த ஞானசம்பந்தர் பாடிய மொழிமாற்றுப் பதிகம்தான் அது. முதல் திருமுறையில் 117ஆவது.

அப்படியே படித்தால் சிவன் காலில் தோடும் காதில் சிலம்பும் போட்டிருப்பார். சடையில் கங்கணம், முன்கையில் கங்கையும் திங்களும். பாம்பை உதைத்துவிட்டு எமனை அணிந்துகொள்வார்! சொற்களை இடம் மாற்றிப் பொருத்தினால் எல்லாம் ஒழுங்காகும்: தோடு காதுக்கு, சிலம்பு காலுக்கு, உதை எமனுக்கு.

கடவுளிடம் இத்தனை உரிமையோடு விளையாட ஒரு தைரியம் வேண்டும். ஊரின் 12 பெயர்களையும் இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவிடுகிறார். முன்னும் பின்னும் ஒன்றாகவே வாசிக்கும் மாலைமாற்றும் அவர் பாடியதுதான். அதை வியக்கலாம், சிரிக்க முடியாது. உரை இல்லாமல் நமக்குப் பிடிபடாது. மொழிமாற்று அப்படியல்ல. உரையைத் திறக்காமல் ஒரு பாட்டை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள்; சிலம்பை அவர்களே காலுக்கு இறக்கிவிடுவார்கள்.