இரு நாவல்களும் ஓர் அடைத்த கதவும்

ஸ்ரீவைகுண்டத்தில் மண்கோட்டை ஒன்று இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் எனும் சைவக் குடும்பத்தார் அதனுள் வாழ்ந்தனர். அவர்தம் பெண்டிர் அச்சுவரைத் தாண்டி வெளியே வந்ததில்லை. அயல் ஆடவர் உள்ளே சென்றதுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்த வழக்கம் இது. தன்னைக் காத்துக்கொள்ள அஞ்சும் சமூகம் எதுவாயினும் முதலில் கதவைத்தான் அடைக்கிறது. 'முஸ்லிம் தீவிரவாதம்' என்றதும் குர்ஆனைப் புரட்டிக் காரணம் தேடும் மேலைநாட்டு அறிஞர்கள் இக்கோட்டையை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

இந்நினைவோடு தோப்பில் முகமது மீரானின் இரு நாவல்களை மீண்டும் படித்தோம். முஸ்லிம் முரசில் தொடராக வந்து 1988இல் நூலானது 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. ஆங்கிலம் கற்பிக்க வரும் ஆசிரியர் மஹ்பூப்கானை ஊர் பகைக்கிறது. ஆங்கிலம் ஹராம் என்போரைக் கண்டு நகைப்பது எளிது. ஆயின் அது நாட்டைப் பறித்தவனின் மொழியன்றோ? அவ்வச்சத்தில் ஓர் உண்மை உண்டு. மீரான் அதற்கும் அடியில் சென்று பார்க்கிறார். பிள்ளைகள் படித்துவிட்டால் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் அதிகாரம் என்னாவது? அச்சம் ஊராருடையது, அதன் ஆதாயமோ முதலாளியுடையது. இந்நாவலின் வெற்றி இதுவே.

2008இல் வந்த 'அஞ்சுவண்ணம் தெரு'வில் தர்காவும் தைக்காவுமாய் வாழ்ந்த தெருவுக்குள் தூய்மைவாதம் நுழைகிறது. மறையும் மரபுக்காக ஆசிரியரின் நெஞ்சு கசிகிறது. நம் நெஞ்சும் கசிந்தது. ஆனால் மவ்லூதை ஷிர்க் என்னும் இளைஞனை அவர் வெளியில் நின்றே பார்க்கிறார். அவனை ஈர்த்தது எது? வளைகுடாச் சம்பளம் மட்டுமா? 1979க்குப்பின் ஆப்கானிஸ்தானில் ரஷ்யரை எதிர்த்தவர்களுக்கு அமெரிக்கா ஆயுதமும் சவூதி பணமும் தந்தன. அன்று அவர்கள் வீரர்கள். 2003இல் விடுதலையின் பெயரால் ஈராக்கில் குண்டு விழுந்தது. மறு ஆண்டு, தனிமனித உரிமையின் தாயகம் என்னும் பிரான்ஸ், அரசுப் பள்ளி மாணவியரின் தலைமுக்காட்டைச் சட்டத்தால் தடுத்தது. இவற்றைக் கேட்டு வளர்ந்தவனிடம் தாராளவாதம் பேசினால் அச்சொல்லே அவனுக்குக் கசக்கும்.

இக்கசப்பு கொலைக்கு நியாயமாகாது. தர்காவை மறுப்போரில் பெரும்பாலோர் ஒரு கல்லையும் எடுத்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் காத்தான்குடியில் சூஃபிகளைத் தமிழில் ஏசிக்கொண்டிருந்த ஸஹ்ரான் ஹாஷிம், 2017இல் அவர்களோடு மோதிய பின் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 21இல் அவனும் கூட்டாளிகளும் இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அவன் பேச்சைக் கேட்டு எச்சரித்தவர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர். கேட்பார்தாம் இல்லை. அடுத்த மாதம் மீரானும் நெல்லையில் மறைந்தார்.

முதல் நாவலில் முதலாளியின் மனத்துக்குள்ளும் புகுந்து பார்த்த அக்கண், இரண்டாவதில் இளைஞனின் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அவன் உம்மாவிடம் என்ன பேசினான், இரவில் யார் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை உள்ளிருந்து சொல்லும் தமிழ் நாவலை நாம் இன்னும் படிக்கவில்லை. மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ இருந்து அதை எழுத ஒருவர் வரட்டும்.