சூளையும் சில்லும்

விருத்தாசலத்தில் ஒரேயொரு அகலுக்காக யாரும் பீங்கான் சூளையை மூட்டுவதில்லை. சரக்கு சேர வேண்டும். கைப்பேசியிலுள்ள ஃபிளாஷ் சில்லும் ஏறக்குறைய அப்படித்தான். எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒருசேர. அழிக்காத பக்கத்தின்மேல் மீண்டும் எழுத முடியாது.

இதை மனத்திற்கொண்டு சாம்சங் பொறியாளர்கள் அமைத்த கோப்பு முறை எஃப்2எஃப்எஸ். 2013இல் வந்த லினக்ஸ் 3.8இல் இடம்பெற்றது. பழைய இடத்தைத் திருத்தாமல், புதிய இடத்தில் வரிசையாக எழுதிச் செல்வது அதன் வழி. 2015இல் வெளியான அவர்களது ஆய்வுரை, எக்ஸ்ட்4 முறையைவிட 3.1 மடங்கு வரை வேகம் என்கிறது. ‘வரை’ என்பதைக் கவனியுங்கள். அது செயற்கைச் சோதனையில் கிட்டிய உச்சம். நடைமுறை வேலைகளில் மிச்சமான நேரம் 40 விழுக்காடு வரை. இரண்டையும் மறைக்காமல் சொன்னது நேர்மை.

என் குறை வேறு. சில நிரல்கள் தகவலை இடைநினைவகத்தில் தேக்காமல் நேரே சேமிப்புக்கு அனுப்பும். அவ்வாறு பழைய கோப்பைத் திருத்தும்போது, வழக்கமான அமைப்பில், இம்முறை பழைய முகவரிக்கே எழுதுகிறது. வரிசை எழுத்தின் பெருமை அங்கே செல்லாது. வேறு பக்கம் தேடும் சுமை சில்லின் கட்டுப்படுத்தி தலையில் விழுகிறது. 2022இல் லினக்ஸ் 5.17 நேர் எழுத்தின் பாதையைச் செப்பனிட்டது உண்மையே. குறைந்தது மென்பொருளின் வேலை, அழிக்கும் வேலையன்று.

ஆகவே வேக அட்டவணை தருவோர், எழுதியது நேரேயா தேக்கியா, அப்போது காலியிடம் எவ்வளவு என்பதையும் அருகிலேயே அச்சிட வேண்டும்.