வைகறைப் பணியும் உயிர்த்தெழுதலும்: திருவதிகைத் திலகவதியார் வரலாறும் நற்செய்தி நூல்களின் பெண்களும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ உயிர்த்தெழுதல் நம்பிக்கையைச் சைவ அடியார் வரலாறுகளோடு ஒப்பிடும்போது, இறந்தவர் உயிர்பெற்ற அற்புத நிகழ்ச்சிகளே முதலில் கண்ணில் படுகின்றன. ஒப்புமை அங்கே இல்லை, அன்றாடப் பணியில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பெரியபுராணம் கூறும் திருவதிகைத் திலகவதியாரின் வைகறைத் தொண்டும், இயேசுவின் கல்லறைக்கு விடியலில் சென்ற பெண்களின் செயலும் இங்கு இணைத்து வாசிக்கப்படுகின்றன. இரு மரபுகளும் வேறுபடும் இடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உயிர்த்தெழுதல், திருவதிகை, திலகவதியார், உழவாரப் பணி, சீவன்முத்தி, மகதலேனா மரியாள்.

முன்னுரை

பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் அமைந்த திருவதிகை, நெய்வேலி நிலக்கரி நகரியத்திற்கு அண்மையிலுள்ள பழம்பதி. சிவபெருமான் முப்புரம் எரித்த தலமாக, அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கித் தம் முதற்பதிகத்தைப் பாடிய இடமும், மெய்கண்டாரின் மாணவரும் ‘உண்மை விளக்கம்’ நூலின் ஆசிரியருமான மனவாசகங்கடந்தாரின் ஊரும் இதுவே. கிறித்தவ நம்பிக்கையொன்றை ஆராய இவ்வூரைத் தேர்வது முதற்பார்வையில் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும் ‘உயிர்த்தெழுந்த வாழ்வு’ என்று கிறித்தவ மரபு பேசும் ஒன்றைத் தமிழில் எந்த அனுபவத்தோடு சேர்த்து உணர முடியும் என்ற கேள்விக்கு, இவ்வூரின் கதையைக் கடந்து விடை தேடுவது கடினம்.

கேள்வி எளியது. உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆண்டுக்கொருமுறை வந்து போகிறது. அதற்கு அடுத்த திங்கட்கிழமையில் அந்நம்பிக்கைக்கு என்ன வேலை?

சொல்லும் பொருளும்

தமிழில் ‘உயிர்த்தல்’ என்பதன் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று மூச்சுவிடுதல். ‘நெட்டுயிர்ப்பு’ என்ற வழக்கு இதை நன்கு காட்டும். கத்தோலிக்கர் வழிபாட்டில் வழங்கும் ‘உயிர்ப்பு’ என்ற சொல்லும், சீர்திருத்தச் சபையாரிடையே பெருவழக்கான ‘உயிர்த்தெழுதல்’ என்ற சொல்லும் இம்மூச்சைத் தம்முள் கொண்டுள்ளன. உயிர்த்த இயேசு சீடர்மேல் ஊதினார் என்று யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரம் கூறுவதைத் தமிழ்ச்சொல் தற்செயலாகவே உள்வாங்கிக்கொண்டது. ‘எழுதல்’ என்பதோ நாள்தோறும் நிகழ்வது. உறங்கியவர் எழுவதும், கோயிலில் திருப்பள்ளியெழுச்சி பாடப்படுவதும் ஒரே வினையின் பாற்பட்டவை. ஆகவே இச்சொல்லுக்குள் வைகறையும் அன்றாடமும் முன்பே குடியிருக்கின்றன.

‘மறுபிறப்பு’ என்ற சொல்லே சிக்கலானது. கிறித்தவ நூல்கள் புதிதாய்ப் பிறத்தலைப் பேற்றின் தொடக்கமாகக் கூறுகின்றன. சைவத்திலோ பிறவி நீங்கவேண்டிய துன்பம், பிறவாமையே வேண்டப்படுவது. இரண்டையும் ஒரு சொல்லால் மூடிவிட்டு ‘எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன’ என்று முடிப்பது ஒப்பாய்வு ஆகாது.

அற்புத ஒப்பீட்டின் எல்லை

திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் பாம்பு தீண்டி இறக்க, நாவுக்கரசர் பதிகம் பாடி எழுப்புகிறார். பெத்தானியாவில் இலாசரை இயேசு எழுப்புகிறார். இரண்டையும் அருகருகே வைப்பது எளிது. ஆனால் கிறித்தவ இறையியலே இலாசரின் எழுச்சியை உயிர்த்தெழுதலாகக் கொள்வதில்லை. இலாசர் மீண்டும் இறக்கவேண்டியவர். கல்லறையிலிருந்து பழைய வாழ்வுக்குத் திரும்பியவர். இயேசுவின் உயிர்ப்போ சாவுக்கு அப்பாற்பட்ட வாழ்வின் தொடக்கம் என்பது கொரிந்தியர் முதல் திருமுகம் பதினைந்தாம் அதிகாரத்தின் வாதம். அப்பூதியடிகளின் மகனுக்கு ஒப்பானவர் இலாசரே. அவ்வளவோடு அவ்வொப்புமை முடிந்துவிடுகிறது.

கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் கரையேறிய நிகழ்ச்சி சற்று நெருங்கி வருகிறது. நீரில் அமிழ்ந்து எழுவது திருமுழுக்கின் குறியீடு. கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டுப் புதுவாழ்வில் நடப்பது என்று பவுல் உரோமையர் திருமுகத்தில் இதனை விளக்குகிறார். அவர் கரையேறித் திருப்பாதிரிப்புலியூர் இறைவனை வழிபட்ட அதே கடலூர்ப் பகுதியில் 1737-இல் சீர்திருத்தத் திருச்சபையின் மறைப்பணி நிலையம் தொடங்கியது. அம்மறைப்பணியாளர் கற்பித்த லூத்தரின் சிறிய ஞானோபதேசம், திருமுழுக்கை ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததாகக் கொள்வதில்லை. பழைய மனிதன் நாள்தோறும் மூழ்கிச் சாகவும், புதிய மனிதன் நாள்தோறும் எழவும் வேண்டும் என்பது அதன் விளக்கம். ‘நாள்தோறும்’ என்ற இச்சொல்லே இக்கட்டுரையின் பொருளை அற்புதத்திலிருந்து பணிக்குத் திருப்புகிறது.

வைகறையில் வந்த பெண்கள்

சேக்கிழார் கூறும் திலகவதியார் வரலாறு சாவில் தொடங்குகிறது. தந்தை புகழனார் இறக்கிறார், தாய் மாதினியார் அவரைத் தொடர்கிறார். மணம் பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போர்க்களத்தில் மடிகிறார். தம் உயிரும் அவருக்கே உரியது என்று கருதித் திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். அப்போது இளைய தம்பியாகிய மருள்நீக்கியார் அவர் காலில் விழுந்து அழுது, அவருக்கு முன்பே தாம் இறப்பதாகச் சொல்கிறார். அத்தம்பி வாழவேண்டும் என்பதற்காகத் திலகவதியார் சாவின் வாயிலிலிருந்து திரும்புகிறார்.

இந்தத் திரும்பலில் அற்புதம் எதுவும் இல்லை. வானம் திறக்கவில்லை, குரல் கேட்கவில்லை. இழந்தவை எவையும் மீளவுமில்லை. கலிப்பகையார் இறந்தவர் இறந்தவராகவே இருக்கிறார். மாறியது ஒன்றே: தமக்கென இருந்த உயிர் மற்றொருவருக்காக இருக்கத் தொடங்குகிறது. உயிர்த்தெழுந்த வாழ்வைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் கூறுவதும் வாழ்வோர் இனித் தமக்கென வாழாத நிலையையே. பெரியபுராணத்தில் இந்நம்பிக்கைக்கு மிக நெருங்கிய இடம் திங்களூர் அன்று, இதுவே என்று கொள்ளலாம்.

தம்பி சமணம் சார்ந்து தருமசேனர் என்னும் பெயர் பெற்றபின், திலகவதியார் திருவதிகை வந்து கோயிற்பணியில் வாழ்கிறார். விடியுமுன் அலகிடுதல், சாணத்தால் மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல். இவை எவையும் மறுநாளுக்கு எஞ்சுவதில்லை. கூட்டிய இடம் மறுநாளும் குப்பையாகும், தொடுத்த மாலை மாலைக்குள் வாடும். தம்பிக்காக அவர் செய்த வேண்டுதலுக்கு இறைவன் தந்த விடையும் விந்தையானது. நோயாகிய சூலையே அவ்விடை. நோய் தாங்காத தருமசேனர் இரவோடிரவாகத் தமக்கையிடம் வருகிறார். சேக்கிழார் அடுத்து விவரிக்கும் காட்சி நுணுக்கமானது. திருப்பள்ளியெழுச்சி வேளையில் திலகவதியார் அலகும் மெழுக்குத் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்படுகிறார்; தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறார். நோயாளியின் வருகைக்காக அன்றைய பணி நிறுத்தப்படவில்லை. நாவுக்கரசரின் புதுவாழ்வு, அக்காள் வழக்கம்போல் வேலைக்குப் போன ஒரு காலையில் தொடங்குகிறது.

நற்செய்தி நூல்களின் காட்சியை இதனோடு வைத்துப் பார்க்கலாம். ஓய்வுநாள் முடிந்த விடியலில் பெண்கள் கல்லறைக்குச் செல்கின்றனர். அவர்கள் கையிலும் பணிக்கருவியே உள்ளது: உடலுக்குப் பூசும் நறுமணப் பொருள்கள். அவர்கள் உயிர்ப்பை எதிர்பார்த்துச் செல்லவில்லை. இறந்த உடலுக்குச் செய்யவேண்டிய கடைசி வேலையை முடிக்கவே செல்கின்றனர். வழியில் அவர்கள் பேசிக்கொள்வதாக மாற்கு கூறுவதும் இறையியல் அன்று. வாயிற்கல்லை யார் புரட்டுவார் என்ற நடைமுறைக் கவலை. யோவான் நற்செய்தியில் மகதலேனா மரியாள் உயிர்த்தவரைத் தோட்டக்காரர் என்று எண்ணிவிடுகிறார். கைகளுக்கு வேலை உள்ள ஒருவராக அவரைக் கண்டது முழுத் தவறு என்றும் சொல்வதற்கில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே உயிர்த்தவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடரைக் காலை உணவுக்கு அழைக்கிறார்.

இரு காட்சிகளிலும் பொதுவானது, நம்பிக்கைக்கு முன்பே பணி இருக்கிறது என்பது. அறநூல் முறையில் இதனைத் தலைகீழாகவே சொல்வர்: முதலில் நம்பிக்கை, அதன் பயனாகத் தொண்டு. திலகவதியாரும் கல்லறைப் பெண்களும் அம்முறைக்கு அடங்குவதில்லை. பயன் தெரியாத விடியலில் தொடர்ந்து செய்யப்படும் வேலையின் நடுவே அவர்களை அது வந்தடைகிறது.

எழுந்தபின் செய்யும் பணி

நாவுக்கரசரின் உழவாரம் இதற்கு மாறானது. அது பேற்றின் பின் வருவது. திருநீறு பெற்று, பதிகம் பாடி, நோய் நீங்கிய பின்னரே அவர் கோயில் முற்றங்களில் புல் செதுக்கத் தொடங்குகிறார். இதைப் புரிந்துகொள்ளச் சைவ சித்தாந்தம் கூறும் சீவன்முத்தர் இலக்கணம் உதவும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் மலம் நீங்கியவரின் செயலைப் பேசும்போது, அவர் அன்பரோடு கூடுவதையும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் தொழுவதையும் கூறுகிறது. வீடுபேற்றிற்கு வழியாக அன்றி, வீடு பெற்றவரின் இயல்பாக வழிபாடு அமைகிறது.

கொலோசையர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரமும் இதே வரிசையைக் கொண்டது. கிறிஸ்துவோடு எழுப்பப்பட்டது முதலில் கூறப்படுகிறது. பொய் விடுதல், பொறுத்தல், மன்னித்தல் முதலியன ஆடை களைந்து ஆடை உடுத்தும் உருவகத்தில் அதன்பின் வருகின்றன. தருமசேனர் பாயையும் மயிற்பீலியையும் விட்டு வெண்துகில் உடுத்துத் திருவதிகைக்கு வந்ததைச் சேக்கிழார் கூறுவது இங்கு நினைவுக்கு வரும். சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய கிறித்தவச் சிந்தனையாளர் வெ. சக்கரை, இயேசுவின் அவதாரம் உயிர்ப்போடு முடிவதில்லை, தூய ஆவியாக அடியாருள் தொடர்கிறது என்று 1926-இல் வெளியான நூலில் வாதிட்டார். தொழிலாளர் உரிமைக்காக உழைத்த ஒருவர் இதனை எழுதினார் என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் கருத்துக்கு அது ஒரு விளக்கவுரை.

ஹென்றி ஆல்பர்ட் கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) இவ்வகையில் இன்னும் கூர்ந்து வாசிக்கப்படவேண்டியது. அதற்கு மூலமான பனியனின் கதையில், பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் கழன்று கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. இது பயணத்தின் முடிவில் நிகழ்வதன்று, தொடக்கத்திலேயே நிகழ்கிறது. ஏற்றமான மலையும், மாயச் சந்தையும், சிறையும் அதற்குப் பின்னரே வருகின்றன. வைணவ வேளாளக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை, இந்நெடுவழியின் இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரிலேயே இசைப்பாடல்களை அமைத்தார். கல்லறைக்குப் பிந்திய நடைக்கு நாவுக்கரசர் மரபின் வடிவத்தை அவர் வேண்டியிருக்கிறார்.

தழும்பு

ஒப்புமை நிற்கும் இடம் ஒன்றுண்டு. தோமா தொட்டுப் பார்க்க அழைக்கப்பட்டபோது உயிர்த்த உடலில் ஆணித்தழும்புகள் இருந்தன. கிறித்தவ நம்பிக்கையில் உடல் கழிக்கப்படுவதில்லை, காயமும் அழிக்கப்படுவதில்லை. சைவத்தில் உடல் இறுதிப்பேறு அன்று. நாவுக்கரசரின் தழும்பு உடலில் இல்லை, பாடலில் இருக்கிறது. சமணத்தில் கழித்த ஆண்டுகளுக்கான வருத்தமாக அது அவர் பதிகங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

அவ்வருத்தம் வேறொருவருக்குக் காயமானதையும் மறைக்கக் கூடாது. பல்லவ மன்னன் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்ததாகப் பெரியபுராணம் பெருமிதத்தோடு கூறுகிறது. ஒருவரின் புதுவாழ்வு பிறரின் இடிபாட்டின்மேல் எழுதப்படும்போது, இரு சமய ஆய்வாளரும் அதனைப் போற்றிக் கடந்துசெல்வது அறமன்று. பாடலிபுத்திரத்துப் பள்ளியின் தரப்பு அக்காப்பியத்தில் கேட்கப்படவே இல்லை.

சொல்லப்படாத பெயர்கள்

கல்லறைப் பெண்கள் கொணர்ந்த செய்தி சீடருக்கு வெறும் பிதற்றலாகப் பட்டது என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். உயிர்த்தவரைக் கண்டவர்களின் பட்டியலைப் பவுல் தரும்போது கேபா, பன்னிருவர், ஐந்நூறு சகோதரர், யாக்கோபு ஆகியோர் இடம்பெறுகின்றனர்; மகதலேனா மரியாள் பெயர் இல்லை. அவருடைய நினைவுநாளைக் கத்தோலிக்கத் திருச்சபை திருத்தூதர்களுக்கு நிகரான விழா நிலைக்கு உயர்த்தியது 2016-இல்தான்.

திருவதிகையிலும் நிலை பெரிதும் வேறன்று. தம்பி நோய் நீங்கிய பின் காப்பியம் அவரைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் செல்கிறது. அக்காள் கதையிலிருந்து மெல்ல மறைகிறார். பிற்காலத்தில் சுந்தரர் திருவதிகையை நெருங்கி வருகிறார். நாவுக்கரசர் கையால் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் நுழையாமல் புறத்தேயுள்ள சித்தவட மடத்தில் அன்றிரவு தங்குகிறார். கோயில் முற்றத்தின் ஒரு சாண் மண்ணுக்கு இத்தனை மதிப்பளித்த இடம் தமிழிலக்கியத்தில் அரிது. அம்மண்ணை நாவுக்கரசருக்கு முன்பே பல ஆண்டுகள் விடியல்தோறும் கூட்டி மெழுகியவர் திலகவதியார். சுந்தரர் அஞ்சியதற்குச் சேக்கிழார் காட்டும் காரணத்தில் அவர் பெயர் இல்லை.