பெயர் மட்டும் அவளுடையது

என் வீட்டில் வேலை செய்யும் அக்கா வேங்கிக்கால் ஏரிப் பக்கம் குடியிருக்கிறார். உஜ்வலா திட்டத்தில் அவர் பெயரில் எரிவாயு இணைப்பு உண்டு. போன வாரம் தலையில் வேலிகாத்தான் விறகுக் கட்டோடு அவரைப் பார்த்தேன்.

“கேஸ் தீர்ந்துபோச்சாக்கா?”

“தீரல மேடம். தீர்ந்துடக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். மழைக்கும் விருந்தாளிக்கும்தான்.”

“மானியம் வருதில்ல?”

“வருது. மெசேஜு அவரு போனுக்கு வருது.”

பெண்களுக்கான திட்டங்களை நாம் பெரும்பாலும் அவற்றின் விளம்பரங்களிலிருந்தே வாசிக்கிறோம். அங்கே ஒரு பெண் அடுப்பருகே சிரித்துக்கொண்டிருப்பாள். அக்காவின் பதில்களிலிருந்து வாசித்தால் அதே திட்டம் வேறாகத் தெரிகிறது.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா, ஏழைக் குடும்பத்தின் வயதுவந்த பெண் பெயரில் இணைப்பைத் தருகிறது. புகையில் கண்ணெரிந்து இருமிய நம் அம்மாக்களை நினைத்தால் இதைக் குறைத்துப் பேச மனம் வராது. 14.2 கிலோ சிலிண்டருக்கு 2022 மே மாதம் 200 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அது 300 ஆனது. ஆண்டுக்கு 12 சிலிண்டர்வரை என்றிருந்தது 2025–26இல் 9 ஆகக் குறைந்தது. ஆனால் 2024–25இல் ஓர் உஜ்வலா வீடு சராசரியாக வாங்கியது சுமார் நாலரை சிலிண்டர்தான் என்கிறது அரசின் கணக்கு. மற்ற நாட்களில் அடுப்பில் எரிந்தது எது, அதைச் சுமந்து வந்தவர் யார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சிலிண்டர் வாசலுக்கு வந்ததும் முழு விலையையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். மானியம் பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அன்றாடம் கூலி வாங்கும் வீட்டில் அவ்வளவு பணம் ஒரே நாளில் யார் கையில் இருக்கும்? விறகுக்குப் பணம் வேண்டாம்; அவளுடைய இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்துக்கு யாரும் விலை போடாதவரை விறகுதான் மலிவு. பின்னால் வருகிற 300 ரூபாயும் அவள் கணக்குக்குத்தான் வருகிறது. வந்த செய்தி மட்டும் கணவருக்குத் தெரிகிறது. அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரத்தின் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அக்கா இருப்பது வாடகை வீடு. மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. கேஸில் அக்காவுக்குப் பெயர் மட்டும் இருக்கிறது. கரண்டில் அதுவும் இல்லை.

வகுப்பில் சோழர் காலக் கல்வெட்டுகளை நடத்தும்போது நந்தா விளக்குக் கொடைகளைப் பற்றிச் சொல்வேன். ஒரு விளக்கு எப்போதும் எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்லில் வெட்டினார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்று பொருள். விளக்கைக் கொடுத்ததோடு கொடை முடிந்துவிடவில்லை. அது நாள்தோறும் எரிய என்ன வேண்டும் என்றும் கணக்குப் போட்டார்கள். சன்னதி விளக்குக்குக் கிடைத்த அந்தக் கணக்கு அக்காவின் அடுப்புக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வாசலில் வாங்கட்டும். செய்தி அவள் போனுக்கு வரட்டும். எத்தனை இணைப்பு கொடுத்தோம் என்பதோடு, எத்தனை நாள் அந்த அடுப்பு எரிந்தது என்றும் எண்ணட்டும்.

இதை எழுதும்போது என் வீட்டு அடுப்பும் கண்ணில் படுகிறது. இங்கே சிலிண்டர் தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்ததை மாற்றிவிடுகிறேன். இந்த அடுப்பைத் துடைத்துவிட்டுப் போகிறவர் தன் வீட்டில் விறகு மூட்டுகிறார். அவருக்கு நான் தரும் சம்பளத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.